கல்லூரி ஆசிரியர் சமூகம்

கல்லூரி ஆசிரியர் சமூகம் என்பது ஒரு கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ வெவ்வேறு துறைகளில் பணிபுரியும் ஆசிரியர்கள், தம் துறையின் எல்லையைக் கடந்து ஒருவரையொருவர் அறிந்து, கலந்து பேசி, தேவை ஏற்படும்போது சேர்ந்து செயல்படும் நிலையைக் குறிக்கும். இது ஓர் அமைப்பின் பெயர் அன்று. தொழிற்சங்கம், கூட்டுறவுச் சங்கம், பயிற்சி வகுப்பு, பாடத்திட்டக் குழு, நாட்டு நலப்பணித் திட்ட முகாம், கல்லூரிக்குச் செல்லும் பேருந்து எனப் பல இடங்களில் இது உருவாகிறது. தமிழ்நாட்டில் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு, தென் மாவட்டங்களின் கல்லூரி ஆசிரியர்களைத் துறை வேறுபாடின்றி இணைத்த மூட்டா அமைப்பு ஆகும். சிவகாசி, விருதுநகர் பகுதிக் கல்லூரிகள் அதன் செயற்பரப்பினுள் அடங்குவன. எனவே இக்கட்டுரை அப்பகுதியை முதன்மையாகக் கொண்டு இப்பொருளை விளக்குகிறது.

துறை என்னும் அலகு

கல்லூரி ஆசிரியர் ஒருவரின் பணி வாழ்வு பெரும்பாலும் துறைக்குள்ளேயே அமைகிறது. அவருக்கான இருக்கை துறையின் ஆசிரியர் அறையில் உள்ளது. கால அட்டவணையைத் துறைத்தலைவர் வகுக்கிறார். பாடத்திட்டக் குழு, வினாத்தாள் அமைத்தல், விடைத்தாள் திருத்தும் முகாம் ஆகியவையும் பாடவாரியாகவே நடைபெறுகின்றன. விடைத்தாள் திருத்தும் முகாமில் பல கல்லூரிகளின் ஆசிரியர்கள் கூடுவர். ஆனால் வேதியியல் ஆசிரியர் அங்கும் வேதியியல் ஆசிரியர்களையே சந்திக்கிறார். இதனால் நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள தம் பாடத்து ஆசிரியரை நன்கு அறிந்த ஒருவர், தம் கல்லூரியின் அடுத்த கட்டிடத்தில் இருக்கும் வரலாற்றுத்துறை ஆசிரியரின் பெயரை அறியாதிருப்பது வழக்கமான ஒன்று.

இதற்கு மனப்போக்கை மட்டும் காரணமாகக் கூற இயலாது. இருபது துறைகள் உள்ள கல்லூரியில் இரண்டிரண்டாகச் சேர்த்தால் 190 துறை இணைகள் கிடைக்கும். அத்தனை இணைகளுக்கும் தனித்தனியே தொடர்பு ஏற்படுவது நடைமுறையில் இயலாது. எனவே எல்லாத் துறையினரும் வந்து சேரும் ஒரு சில பொது மையங்கள் தேவைப்படுகின்றன. அம்மையங்கள் இல்லாத கல்லூரியில் ஆசிரியர்கள் எத்துணை நட்புணர்வு உடையவராயினும் துறைகள் தனித்தனித் தீவுகளாகவே நிற்கும்.

இடத்தொலைவும் இதில் பங்கு வகிக்கிறது. அமெரிக்காவின் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த தாமசு ஆலன், ஆய்வுக்கூடங்களில் பணிபுரிவோரிடையே தொழில் தொடர்பான பேச்சு அவர்களின் மேசைகளுக்கு இடையிலான தொலைவு கூடும்போது விரைவாகக் குறைவதை 1970களில் கண்டறிந்தார். சில பத்து மீட்டர்களுக்கு அப்பால் இருப்பவருடன் பேச்சு ஏறத்தாழ அற்றுப்போகிறது என்பது அவர் முடிவு. அறிவியல் கட்டிடம், கலைக் கட்டிடம், சுயநிதிப் பிரிவுக் கட்டிடம் எனப் பரந்த வளாகத்தில் பிரிந்து நிற்கும் தமிழகக் கல்லூரிகளுக்கு இம்முடிவு நன்கு பொருந்தும்.

பிற நாடுகளில்

துறை கடந்த ஆசிரியர் கூடல் பழமையானது. ஆக்சுபோர்டு, கேம்பிரிட்சு கல்லூரிகளில் எல்லாப் பாடத்து ஆசிரியர்களும் ஒரே மண்டபத்தில் உணவருந்துவதும், பின்னர் பொது அறையில் அமர்ந்து பேசுவதும் நீண்டகால மரபு. அங்கு கல்லூரி என்பது பாடவாரியாகப் பிரிந்த அமைப்பு அன்று என்பதைக் கருத்திற் கொள்ள வேண்டும். செருமானிய முறையை ஒட்டி வளர்ந்த ஆய்வுப் பல்கலைக்கழகங்களில் துறையே முதன்மை பெற்றது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த கிளார்க் கெர் 1963இல் வெளியான நூலில், இத்தகைய பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்களை ஒன்றிணைப்பது வண்டி நிறுத்த இடம் பற்றிய பொதுக் குறை ஒன்றே என்னும் பொருள்பட எள்ளலாகக் குறிப்பிட்டார். பொதுக் குறை ஆசிரியர்களை ஒன்று சேர்க்கும் என்பது எள்ளல் மட்டும் அன்று என்பதை மூட்டாவின் வரலாறு காட்டுகிறது.

அமெரிக்காவில் 1915இல் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் தொடங்கப்பட்டது. மெய்யியலாளர் சான் டூயி அதன் முதல் தலைவர். கற்பித்தலில் எழும் சுதந்திரத்தையும் பணிப்பாதுகாப்பையும் எல்லாத் துறை ஆசிரியர்களுக்கும் பொதுவான சிக்கலாக அது முன்வைத்தது. வேறொரு வகை முயற்சி ஒகையோ மாநிலத்தின் மயாமி பல்கலைக்கழகத்தில் 1979இல் தொடங்கியது. மில்டன் காக்சு என்னும் கணிதப் பேராசிரியர் இதனை வளர்த்தெடுத்தார். வெவ்வேறு துறைகளைச் சேர்ந்த பத்துப்பேர் அளவிலான சிறு குழு ஓராண்டு முழுவதும் குறித்த இடைவெளியில் கூடி, தம் வகுப்பறையில் செய்து பார்த்த மாற்றங்களைப் பகிர்வது இதன் முறை. ஒருநாள் கருத்தரங்கு போல் அல்லாது, அதே மனிதர்கள் திரும்பத் திரும்பச் சந்திப்பதே இதன் உயிர்நாடி. சீன் லேவ், எட்டியன் வெங்கர் ஆகியோர் 1991இல் முன்வைத்த 'செயற் சமூகம்' என்னும் கருத்தாக்கமும் இதனோடு ஒத்துப்போகிறது. ஒரு தொழிலைச் செய்வோர் அத்தொழிலைச் சேர்ந்து செய்வதன் மூலமே ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கின்றனர் என்பது அதன் சாரம்.

விருதுநகர் மாவட்டக் கல்லூரிகள்

விருதுநகர் மாவட்டம் 1985இல் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து காமராசர் மாவட்டம் என்ற பெயரில் பிரிக்கப்பட்டது. 1997 முதல் இப்போதைய பெயரில் வழங்குகிறது. இங்குள்ள கல்லூரிகளில் பெரும்பாலானவை அரசால் அன்றி வணிகராலும் தொழில் முனைவோராலும் நிறுவப்பட்டவை. விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி 1947இலும், வே. வ. வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி 1962இலும் தொடங்கப்பட்டன. சிவகாசியில் அய்ய நாடார் சானகி அம்மாள் கல்லூரி 1963இலும், ஸ்டாண்டர்டு பயர்ஒர்க்ஸ் இராசரத்தினம் மகளிர் கல்லூரி 1968இலும் தொடங்கின. 1973இல் இராசபாளையம் ராஜுக்கள் கல்லூரி வந்தது. 1984இல் சிவகாசியை அடுத்து மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியும் கிருட்டிணன்கோவிலில் கலசலிங்கம் பொறியியல் கல்லூரியும் தொடங்கப்பட்டன. பின்னது 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகியது. சிவகாசி ஸ்ரீ காளீஸ்வரி கல்லூரி 2000ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

இக்கல்லூரிகளின் பெயர்களே அவற்றின் பின்னணியைக் கூறும். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பி, 1923இல் சிவகாசியில் தீப்பெட்டி உற்பத்தியைத் தொடங்கியோர். தீப்பெட்டி, பட்டாசு, அச்சு, உலோகத்தூள் ஆகிய தொழில்களில் ஈட்டிய பொருள் கல்லூரிக் கட்டிடங்களாயிற்று. அதற்கும் முன்பே விருதுநகர் வணிகரிடையே மகமை என்னும் வழக்கம் இருந்தது. ஒவ்வொரு வணிகரும் தம் வணிகத்தில் ஒரு சிறு பங்கை உறவின்முறையின் பொது நிதிக்கு அளிப்பர். காமராசர் பயின்ற சத்திரிய வித்தியாசாலை இத்தகைய பொது நிதியால் வளர்ந்த பள்ளி. சிறு தொகையைத் தவறாது திரட்டிப் பொதுக்காரியம் செய்யும் இம்முறைக்கும், பின்னர் அதே ஊர்களின் கல்லூரி ஆசிரியர்கள் சந்தா செலுத்திச் சங்கம் நடத்தியதற்கும் வடிவில் ஒற்றுமை உண்டு. முன்னது ஒரு சாதியின் எல்லைக்குள் நின்றது என்பது முக்கியமான வேறுபாடு.

மூட்டா

1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களின் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து அதன் இணைப்பிற்கு மாறின. தமிழறிஞரும் மொழியியலாளருமான தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் அதன் முதல் துணைவேந்தர். 1978இல் அது மதுரை காமராசர் பல்கலைக்கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. இப்பல்கலைக்கழகப் பரப்பில் இருந்த கல்லூரி ஆசிரியர்களின் சங்கமே மூட்டா. மதுரைப் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம் என்னும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் அமைந்தது இச்சொல். தமிழகத்தின் ஏனைய பகுதிகளில் ஏயூடி எனப்படும் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம் செயற்படுகிறது.

1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தோன்றியபோது தென்கோடி மாவட்டங்களின் கல்லூரிகள் அதன்கீழ் சென்றன. பல்கலைக்கழகம் பிரிந்தது, சங்கம் பிரியவில்லை. மாறாக மனோன்மணியம் சுந்தரனார், அன்னை தெரசா, அழகப்பா ஆகிய பல்கலைக்கழகங்களின் பெயர்களும் அதன் முழுப்பெயரில் சேர்ந்தன. சுருக்கப்பெயர் அப்படியே நிலைத்தது. ஆசிரியர் சமூகம் நிருவாக எல்லையைப் பின்பற்றியே தீர வேண்டும் என்பதில்லை என்பதற்கு இது சிறந்த சான்று.

அமைப்பு முறையில், ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு கிளை உண்டு. கிளைகள் சேர்ந்து மண்டலங்களாகின்றன. கிளைக் கூட்டத்தில் தமிழ், இயற்பியல், வணிகவியல், உடற்கல்வி என்னும் பிரிவு கிடையாது. பொருளியல் ஆசிரியர் ஊதியக்குழு அறிக்கையைப் படித்து விளக்க, தமிழாசிரியர் துண்டறிக்கை எழுத, கணித ஆசிரியர் நிலுவைத் தொகையைக் கணக்கிட்டுத் தருவது போன்ற வேலைப் பங்கீடு இயல்பாக அமையும். மதுரை காக்காத்தோப்புத் தெருவிலுள்ள மூட்டா அரங்கம் நூல் வெளியீடு, இலக்கியக் கூட்டம், கருத்தரங்கு ஆகியவற்றுக்கும் இடமளித்து வருவதால், சங்கத்தோடு தொடர்பில்லாத வாசகரும் அப்பெயரை அறிவர்.

மூட்டா தோன்றி வளர்ந்த காலத்துச் சூழலை அறிந்தால்தான் இவ்வொற்றுமையின் காரணம் விளங்கும். தனியார் கல்லூரியில் ஆசிரியரின் பணி அப்போது நிருவாகத்தின் விருப்பத்தைப் பொறுத்தது. வேலை நீக்கத்திற்கு உள்ளானவர் விலங்கியல் ஆசிரியரா ஆங்கில ஆசிரியரா என்பது பொருட்டன்று; நாளை அது எவருக்கும் நேரலாம். தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் (ஒழுங்குமுறை) சட்டம் 1975இல் அவசரச் சட்டமாகவும் 1976இல் சட்டமாகவும் வந்தது. தகுந்த அதிகாரியின் முன் அனுமதி இன்றி ஆசிரியரைப் பணிநீக்கம் செய்யவோ பதவி இறக்கம் செய்யவோ இச்சட்டம் தடை விதித்தது. மேல்முறையீட்டிற்கும் வழி செய்தது. கல்லூரிக் குழுவில் ஆசிரியருக்கு இடம் கிடைத்தது. அச்சம் நீங்கிய பின்னரே ஆசிரியர் ஒருவர் வேறு துறையாளருடன் கல்லூரிச் செயல்பாடுகளைப் பற்றி வெளிப்படையாகப் பேச முடியும் என்பதால், இச்சட்டத்தை ஆசிரியர் சமூகத்தின் அடித்தளங்களுள் ஒன்றாகக் கொள்ளலாம்.

தேசிய அளவில் 1962இல் அமைந்த அகில இந்தியப் பல்கலைக்கழக, கல்லூரி ஆசிரியர் அமைப்புகளின் கூட்டமைப்பு இத்தகைய சங்கங்களை இணைத்தது. மெகரோத்ரா குழு பரிந்துரைத்த ஊதிய விகிதங்களைத் தொடர்ந்து எழுந்த சிக்கலில் 1987இல் நாடு தழுவிய ஆசிரியர் வேலைநிறுத்தம் நடைபெற்றது. ஆகத்து, செப்டம்பர் மாதங்களில் ஏறத்தாழ ஒரு மாதம் நீடித்த அப்போராட்டம், கல்லூரி ஆசிரியரும் ஊதியம் பெறும் தொழிலாளரே என்னும் எண்ணத்தை ஒரு தலைமுறைக்கு உணர்த்தியது.

பாடத்திட்டம் உருவாக்கும் தொடர்பு

தமிழ்நாட்டு இளநிலைப் பட்டப்படிப்பு பகுதிகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. பகுதி 1 தமிழ் அல்லது பிறமொழி. பகுதி 2 ஆங்கிலம். பகுதி 3 முதன்மைப் பாடமும் சார்புப் பாடமும். இப்பகுப்பின் ஒரு பக்கவிளைவு பெரிதும் கவனிக்கப்படுவதில்லை. தமிழ், ஆங்கில ஆசிரியர்கள் எல்லாத் துறை மாணவர்க்கும் வகுப்பு எடுக்கின்றனர். எனவே கல்லூரியில் அனைத்துத் துறைகளுக்கும் சென்று வரும் ஆசிரியர்கள் இவ்விரு துறையினரே. கணிதத்துறையில் படிக்கும் மாணவர் ஒருவர் திடீரென வகுப்புக்கு வராது போனால், அச்செய்தி பெரும்பாலும் தமிழாசிரியர் வழியே பிற துறைக்குத் தெரியவரும். இலக்கிய மன்றம், கல்லூரி மலர், விழாக்கள் ஆகியவற்றின் பொறுப்பும் இவர்களிடமே சேர்வது இதனால்தான்.

சுற்றுச்சூழல் கல்வி இன்னொரு வாய்ப்பை அளித்தது. எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இலும் பின்னர் 2003இலும் பிறப்பித்த ஆணைகளைத் தொடர்ந்து, எல்லா இளநிலை மாணவர்க்கும் சுற்றுச்சூழல் பாடம் கட்டாயமாக்கப்பட்டது. இதற்கெனத் தனித்துறை பெரும்பாலான கல்லூரிகளில் இல்லை. தாவரவியல், வேதியியல், பொருளியல், வரலாறு எனப் பல துறை ஆசிரியர்கள் ஒரே பாடநூலை எடுத்து நடத்த வேண்டியதாயிற்று. 2000களின் பிற்பகுதியில் விருப்பத்தெரிவுப் பாடமுறை பரவியபோது, பிற துறை மாணவர்க்கான விருப்பப் பாடங்களும் சேர்ந்தன. சில இடங்களில் இது உண்மையான கலந்துரையாடலாக வளர்ந்தது. பல இடங்களில், வாரப் பாடவேளைக் கணக்கு குறைவாக உள்ள ஆசிரியருக்கு அவ்வேளைகளை நிரப்பும் வழியாகச் சுருங்கியது.

பயிற்சிக் கல்லூரிகள்

1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து பல்கலைக்கழக மானியக் குழு 1987 முதல் கல்விப் பணியாளர் கல்லூரிகளை நிறுவியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் ஒன்று அமைந்தது. 2015இல் இவை மனிதவள மேம்பாட்டு மையங்கள் எனவும், 2023இல் மாளவியா பெயரிலான ஆசிரியர் பயிற்சி மையங்கள் எனவும் பெயர் மாற்றப்பட்டன.

இங்கு இருவகைப் பயிற்சிகள் நடந்தன. புத்தொளிப் பயிற்சி பாடவாரியானது, மூன்று வாரம். புதிதாகப் பணியில் சேர்ந்தோர்க்கான அறிமுகப் பயிற்சி நான்கு வாரம். இதில் எல்லாத் துறை ஆசிரியரும் ஒரே வகுப்பில் அமர்வர். பதவி உயர்வுக்கு இப்பயிற்சி கட்டாயம் என்பதால் பலர் விருப்பமின்றியே வந்தனர். ஆயினும் விடுதியில் தங்கி ஒரே உணவுக்கூடத்தில் உண்டு, ஒவ்வொருவரும் மற்றவர்முன் மாதிரி வகுப்பு எடுத்த நான்கு வாரத்தில், சமூகவியல் ஆசிரியர் ஒருவர் இயற்பியல் வகுப்பை மாணவராக இருந்து கேட்கும் அரிய நிலை ஏற்பட்டது. பாடம் தெரியாதவருக்கும் புரியும்படி விளக்க வேண்டிய கட்டாயம் சொல்பவருக்கும் பயனளித்தது. பின்னாளில் இப்பயிற்சிகள் இணையவழிக்குப் பெருமளவு மாறியதால் விரிவுரைகள் எஞ்சின. உணவுக்கூடம் இல்லாமற் போயிற்று. இழப்பு எது என்பதை அதில் பங்கேற்றோர் நன்கு அறிவர்.

கல்லூரிக்கு வெளியே

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டான 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டது. இதன் திட்ட அலுவலர்கள் எத்துறையினராகவும் இருக்கலாம். ஊரகத்தில் ஏழு நாள் நடைபெறும் சிறப்பு முகாமில் பல துறை ஆசிரியர்களும் மாணவரும் பள்ளிக்கட்டிடத்தில் தங்கி ஒரே பந்தியில் உண்பர்.

இதனினும் பெரிய அளவில் ஆசிரியர்களை ஒன்றுசேர்த்தது அறிவொளி இயக்கம். 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பட்டு, 1990களின் தொடக்கத்தில் தமிழக மாவட்டங்களில் முழு எழுத்தறிவுத் திட்டமாக நடைமுறைக்கு வந்தது. மாவட்ட ஆட்சியரும் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகளும் இணைந்து நடத்திய இம்முயற்சியில் கல்லூரி ஆசிரியர்கள் ஒருங்கிணைப்பாளராகவும் பயிற்சியாளராகவும் பாடநூல் எழுதுவோராகவும் பணியாற்றினர். வகுப்பறையில் பட்ட மாணவர்க்குச் சங்க இலக்கியமோ கரிம வேதியியலோ கற்பித்தவர்கள், மாலையில் தீப்பெட்டி ஒட்டி முடித்த பெண்களுக்கு 'அ' எழுதக் கற்பிக்கும் முறையை ஆராய வேண்டியதாயிற்று. அதற்குத் துறை அறிவு உதவவில்லை. எல்லோரும் ஒருசேரக் கற்றுக்கொள்வோராயினர். துறைப் பெருமை தளர்ந்த இடத்தில் நட்பு எளிதில் வேரூன்றியதாகக் கொள்ளலாம்.

அன்றாடப் பிணைப்புகள்

சங்கமும் இயக்கமும் இல்லாத நாட்களில் சமூகத்தைத் தாங்குவது சிறு ஏற்பாடுகளே. இவற்றுள் முதன்மையானது கல்லூரிப் பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம். உறுப்பினரின் ஊதியத்தில் மாதந்தோறும் ஒரு தொகை பிடித்தம் செய்யப்பட்டு, வீடு கட்டவும் திருமணத்திற்கும் மருத்துவத்திற்கும் கடன் வழங்கப்படும். கடன் பெறுவோர்க்கு மற்றோர் உறுப்பினர் பிணைக் கையொப்பம் இட வேண்டும். அவர் கடனைக் கட்டத் தவறினால் பிணை நின்றவரின் ஊதியத்தில் அது பிடிக்கப்படும். ஆகவே தாவரவியல் ஆசிரியருக்கு வணிகவியல் ஆசிரியர் பிணை நிற்கிறார் என்றால், அது எந்தக் கருத்தரங்கிலும் பெற முடியாத நம்பிக்கையைக் காட்டுகிறது. அலுவலக எழுத்தரும் ஆய்வக உதவியாளரும் பெரும்பாலும் இதே சங்கத்தில் உறுப்பினர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

போக்குவரத்து இன்னொன்று. சிவகாசிக் கல்லூரிகளின் ஆசிரியர்கள் அனைவரும் சிவகாசியில் வசிப்பதில்லை. விருதுநகர், திருவில்லிபுத்தூர், சாத்தூர், இராசபாளையம் ஆகிய ஊர்களிலிருந்து நாள்தோறும் வந்து செல்வோர் பலர். விருதுநகரிலிருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டை செல்லும் தொடர்வண்டிப் பாதையும் நகரப் பேருந்துகளும் இவர்களுக்கு உதவுகின்றன. ஒரே வண்டியில் பத்தாண்டு சேர்ந்து பயணம் செய்தோரிடையே உருவாகும் குழு, துறையை அன்றி ஊரை அடிப்படையாகக் கொண்டது. மதிய உணவு வேளையில் எவர் எவருடன் அமர்கிறார் என்பதைக் கவனித்தால் இக்குழுக்கள் தெளிவாகத் தெரியும். வீட்டு வேலை காத்திருப்பதால் கல்லூரி முடிந்ததும் புறப்பட வேண்டிய பெண் ஆசிரியர்களுக்கு, மாலைக் கூட்டங்களைவிட இவ்வண்டிப் பயணமும் உணவு வேளையுமே பேசக் கிடைக்கும் நேரம். கூட்டங்களை எப்போதும் மாலை ஐந்து மணிக்கு வைக்கும் அமைப்புகள் இதனைக் கருத்திற் கொள்வதில்லை.

பட்டாசுத் தொழிலும் துறைகளின் சந்திப்பும்

சிவகாசியில் துறைகள் சந்திப்பதற்கு ஊரே ஒரு காரணத்தை அளிக்கிறது. பட்டாசு ஒரே நேரத்தில் வேதியியல், பொருளியல், சட்டம், மருத்துவம், சமூகவியல் ஆகிய அனைத்திற்கும் உரிய பொருள். பொட்டாசியம் நைத்திரேட்டு, கந்தகம், அலுமினியத்தூள் ஆகியவற்றின் கலவை ஈரம் பட்டால் வெப்பமடைவது வேதியியல். ஆனால் அக்கலவை ஏன் விதித்த அளவைவிடக் கூடுதலாக ஓர் அறையில் வைக்கப்பட்டது என்பது தீபாவளித் தேவை, துண்டு வேலைக் கூலி, உரிமத்தை உள்குத்தகைக்கு விடுதல் ஆகியவற்றோடு பிணைந்த வினா.

2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஓம் சக்தி பட்டாசு ஆலையில் ஏற்பட்ட வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அன்று ஆசிரியர் நாள். இப்பகுதிக் கல்லூரி மாணவரில் பலர் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர் வீடுகளிலிருந்து வருவோர்; கல்லூரிகளை நிறுவியோரில் பலர் அதே தொழிலின் உரிமையாளர். இவ்விரண்டிற்கும் நடுவில் நிற்பவர் ஆசிரியர். தனி ஆசிரியராகப் பேசத் தயங்கும் ஒன்றைப் பல துறையினர் சேர்ந்த குழுவாக ஆய்வுக்கு எடுத்துக்கொள்வது எளிது என்பதே இங்கு ஆசிரியர் சமூகத்தின் நடைமுறைப் பயன்.

குழந்தைத் தொழிலாளர் சிக்கலும் இவ்வகையினதே. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பர் 10இல், சிவகாசித் தொழில்களை முன்வைத்துத் தொடரப்பட்ட வழக்கில், குழந்தையைப் பணியமர்த்திய உரிமையாளர் குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018 அக்டோபர் 23இல் அதே நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடைசெய்து, மாசு குறைந்த பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்தது. நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் அவற்றுக்கான கலவைகளை உருவாக்கியது. பச்சை ஒளி தருவது பேரியம் என்பது வேதியியல் ஆசிரியருக்குத் தெரியும். அதனை நீக்கினால் எத்தனை வீடுகளில் கூலி குறையும் என்பது பொருளியல் ஆசிரியர் கணக்கிட வேண்டியது. ஒருவர் விடையின்றி மற்றவர் விடை முழுமை பெறாது.

பிளவுகள்

இன்று துறை எல்லையைவிட ஆழமான கோடு பணிநிலையில் விழுந்துள்ளது. 1980களின் நடுப்பகுதி முதல் தமிழகத்தில் சுயநிதிக் கல்லூரிகள் பெருகின. அரசு உதவி பெறும் கல்லூரிகளிலேயே சுயநிதிப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. அரசு ஊதியம் பெறுவோரும் நிருவாகம் அளிக்கும் தொகையைப் பெறுவோரும் ஒரே தகுதியுடன், ஒரே பாடத்தை, ஒரே வளாகத்தில் கற்பிக்கின்றனர், ஊதியம் ஒன்றன்று. சில கல்லூரிகளில் கட்டிடம், வருகைப் பதிவேடு, வேலை நேரம் ஆகியனவும் வேறு. ஒரே துறைக்குள் இருவகையினரும் இருக்கும்போது, துறை கடந்த சமூகம் பற்றிப் பேசுவதற்குமுன் துறைக்குள்ளேயே சமூகம் உண்டா என்னும் வினா எழுகிறது.

கூட்டுறவுச் சங்கத்தின் எடுத்துக்காட்டையே இங்கும் பொருத்திப் பார்க்கலாம். அடுத்த ஆண்டு பணியில் இருப்பாரா எனத் தெரியாத ஒருவருக்குப் பிணை நிற்க எவரும் தயங்குவர். அவரும் நீண்டகாலக் கடன் கேட்க முடியாது. ஆகவே நட்பு இருப்பினும் பிணைப்பு ஏற்படுவதில்லை. அரசுக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர் நிலையும் இதை ஒத்ததே. பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் கௌரவ விரிவுரையாளர்க்கு வகுப்பு ஒன்றுக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 ரூபாய் வரை எனப் பரிந்துரைத்தது. மூட்டாவும் ஏயூடியும் சுயநிதி ஆசிரியர்களின் ஊதியத்தையும் பணிப்பாதுகாப்பையும் தம் கோரிக்கைகளில் சேர்த்து வந்துள்ளன. எனினும் சங்கத்தில் சேர்ந்ததே வேலை இழப்புக்குக் காரணமாகலாம் என அஞ்சுவோரை அணிதிரட்டுவது கடினம். 1976ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு முந்தைய தலைமுறை எதிர்கொண்ட அதே அச்சம் இது.

சாதி மற்றொரு கோடு. கல்லூரியை நிறுவிய அறக்கட்டளை ஒரு சமூகத்தைச் சார்ந்ததாக இருக்கும்போது, அச்சமூகத்து ஆசிரியர்களும் ஏனையோரும் தனித்தனிக் குழுக்களாக அமையக்கூடும். சங்கக் கிளைக்கூட்டம் இதனைக் கடக்கும் களங்களுள் ஒன்றாக இருந்துள்ளது. தேர்தல் காலங்களில் அங்கும் இது தலைதூக்குவதுண்டு.

விமர்சனங்கள்

ஆசிரியர் சங்கங்கள் ஊதியத்தையும் பணி விதிகளையும் பேசிய அளவிற்குக் கற்பித்தல் முறையையோ மாணவர் நலனையோ பேசவில்லை என்பது அடிக்கடி எழும் விமர்சனம். போராட்டக் காலத்தில் உருவாகும் ஒற்றுமை கோரிக்கை நிறைவேறியதும் கலைந்துவிடுகிறது என்பதும் கூறப்படுகிறது. மறுபுறம், நிருவாகமே முன்னின்று நடத்தும் குடும்ப விழா, சுற்றுலா, குழுவுணர்வுப் பயிற்சி ஆகியவை அரிதாகவே நிலைத்த உறவை உண்டாக்குகின்றன. முதல்வர் அமர்ந்திருக்கும் அறையில் எவரும் மனந்திறந்து பேசுவதில்லை என்பது எளிய காரணம்.

நேரமின்மை உண்மையான தடையாக உள்ளது. மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி உதவிப் பேராசிரியர் வாரத்திற்கு 16 மணி நேரமும், இணைப் பேராசிரியரும் பேராசிரியரும் 14 மணி நேரமும் நேரடியாகக் கற்பிக்க வேண்டும். தேசிய மதிப்பீட்டு, தரச்சான்று அவை 1994இல் நிறுவப்பட்ட பின் கல்லூரிகளில் ஆவணம் தயாரிக்கும் வேலை பெருகியது. அதற்கான உள்தர உறுதிக் குழுவில் பல துறையினர் இடம்பெறுவதால் அதுவே ஒரு சந்திப்புக் களமாயிற்று என்பார் உண்டு. மதிப்பீட்டுக் குழு வருவதற்கு முந்தைய வாரங்களில் இரவு வரை கல்லூரியில் தங்கி, தேநீரும் வடையும் வரவழைத்துக் கோப்புகளை அடுக்கியபோதுதான் முதன்முதலாகப் பிற துறை ஆசிரியர்களை அறிந்தோர் பலர்.

இவற்றையும் பார்க்க

மதுரை காமராசர் பல்கலைக்கழகம்
மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம்
அறிவொளி இயக்கம்
நாட்டு நலப்பணித் திட்டம்
தொழிற்சங்கம்
சிவகாசி